பதினோரு கொடிகள்

சாந்தோரினி தீவு, கிரீஸ்
14.4.2024

அன்புள்ள கலைச்செல்வி,

கோபம் தீராவிட்டாலும் கிழிக்காமல் படி. உன்னிடம் சொல்லாமல் விசா எடுத்துக் கிளம்பிய புருஷன்தான் எழுதுகிறேன்.

இங்கே மழை அபூர்வம். மண்ணெல்லாம் எரிமலைச் சாம்பல். கடலிலிருந்து வரும் மூடுபனியை அந்த மண் உறிஞ்சி வைக்கிறது. அதைக் குடித்தே திராட்சை பிழைக்கிறது. பந்தல் இல்லை. கொடிகள் கூடைபோல் சுருண்டு தரையில் கிடந்தன. மிளகுக்கொடியை மரத்தில் ஏற்றியே பழகிய கை சும்மா இருக்குமா? பாவம் பார்த்து, பதினோரு கொடிகளைத் தூக்கிக் கம்பில் கட்டினேன். மறுநாள் அடித்த காற்றில் அந்தப் பதினொன்றில் ஒரு தளிர்கூட மிஞ்சவில்லை. அந்தக் காற்றுக்காகத்தான் பரம்பரையாகக் கொடியையே கூடையாக முடைந்து தரையோடு விடுகிறார்களாம், பிறகுதான் தெரிந்தது. பயத்தில் கம்புகளைப் பிடுங்கி ஒளித்துவிட்டேன்.

தோட்டத்துச் சொந்தக்காரி எலேனி அக்கா, அந்தக் கொடிகளை முடைந்த என் கூட்டாளி அர்பென் சரியாக முடையாததுதான் காரணம் என்று நினைத்து, அறுவடையோடு அவனை அனுப்பப் போகிறார். வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போட்டவன் அவன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். என்ன செய்யட்டும்?

பூபதி

பெரக்கரை நாடு, கொல்லிமலை
6.5.2024

மாமாவுக்கு,

மிளகுக்காரர் புத்தி கடல் தாண்டியும் மாறவில்லை! சிரித்துவிட்டேன், பிறகு அர்பென்னை நினைத்து அழுதேன். ஏனுங்க, இதற்கெல்லாம் கேள்வியா? உடனே சொல்லுங்கள். அப்பாவும், "சொல்லிப்போடச் சொல்லு கண்ணு. வேலை போனாப் போவுது, ஊடு இங்கதான இருக்குது" என்கிறார்.

கிளம்பும்போது கேட்காதவர் இப்போதாவது என்னைக் கேட்டீர்களே, அதற்கு நன்றி.

கலைச்செல்வி

சாந்தோரினி
29.5.2024

கண்ணு,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே, அரைகுறை இங்கிலீஷில் எலேனி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை அர்பென் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இவனிடம் சொல்" என்றார். சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டான் மகராசன்.

எங்கள் இருவர் வேலையும் போகவில்லை. பழைய கட்டையில் மறுபடி துளிர் விட்டிருக்கிறது. தை மாதம் அந்தப் பதினொன்றையும் நானே முடைய வேண்டுமாம். இவர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

அவனிடம் மன்னிப்புக் கேட்டபோதுதான், உன்னிடம் இதுவரை கேட்கவே இல்லை என்று உறைத்தது. மன்னித்துவிடு. நீ வா என்றால் உடனே கிளம்பிவிடுகிறேன்.

பூபதி

பெரக்கரை நாடு
18.6.2024

மாமா,

எலேனி அக்காவுக்கும் அர்பென்னுக்கும் நம் தோட்டத்து மிளகு அனுப்பியிருக்கிறேன். என் மனிதரைக் காப்பாற்றியதற்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது வர வேண்டாம். பதினொன்றையும் நன்றாக முடைந்துவிட்டு, மாசியில் வாருங்கள். பாதியில் விட்டு வந்தால்தான் கோபிப்பேன்.

உங்கள்
கலைச்செல்வி