தராசில் உட்கார்ந்த குழந்தை

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா இன்னும் தூங்கவில்லை. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நம் கடைக்கும் உன் மாமனார் கடைக்கும் பால் இறக்குகிற வண்டிக்காரர் காலையில் இதை உன்னிடம் தருவார்.

நாளை மாலை நம் ஒன்பதாவது சூப்பர் மார்க்கெட் திறப்பு விழா. கடை வளர்ந்த கதையை மைக்கில் நான்தான் சொல்ல வேண்டும். முதல் மளிகைக் கடையின் தராசுத் தட்டில் நீ குழந்தையாக உட்கார்ந்திருக்கும் படம் எல்லாக் கிளை வாசலிலும் இருக்கிறதே, அதைக் காட்டி “இது நான்தான்” என்று சொல்ல வேண்டுமாம்.

“பொய்யாச்சேப்பா,” என்றேன்.

“போட்டிக் கடைக்காரன் மருமகளை என் வாசல்ல மாட்டி வைக்கவா? குழந்தை மூஞ்சி எல்லாம் ஒண்ணுதான்.”

சித்தப்பா சிரித்தார். “இவ பொறந்தப்பவே எல்லாம் பாக்கெட் சரக்காயிடுச்சே அண்ணே, தராசுக்கு எங்க போறது?”

அந்தப் படத்தின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றெரிச்சல். நீ பிறந்தாய், கடை திறந்தது. நீ நடந்தாய், இரண்டாவது கிளை வந்தது. நான் பிறந்தபோது ஏசி மாட்டினார்கள், அவ்வளவுதான். அதனால் தலையாட்டிவிட்டேன்.

இன்று ஒத்திகையில் படத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். எடை போடும்போது முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காத அப்பா, அதில் உன்னைத்தான் பார்க்கிறார். அந்தப் பார்வையை என்னுடையது என்று எப்படிச் சொல்வேன்? நாக்கு எழாது. பயமாக இருக்கிறது.

நீ வந்து கூட்டத்தில் நில். உன் முகம் தெரிந்தால் “இது என் அக்கா” என்று மைக்கில் சொல்லிவிடுவேன். உன்னைக் கண்டதும் அப்பா மறுபடி அப்படித்தான் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் வா.

இப்படிக்கு,
உன் பாக்கெட் சரக்கு