தண்ணீர்க் கழிவு

வியாழக்கிழமை. மழை இன்னும் விடவில்லை.

காலையில் என்னவோ நல்ல வெயில்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது, தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கண்டாக்கையா வழக்கம்போல் தண்ணீருக்கென்று ஒவ்வொருத்தியின் சாக்கிலும் இரண்டு கிலோ கழித்தார். என் சாக்கில் சொட்டு ஈரம் இல்லை. கேட்டேவிட்டேன்.

"மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணுன்னு மாத்திக்கிட்டிருக்க முடியுமா? எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் ஒழுங்கு" என்றார். பெரிய மகான்.

மத்தியானம் மழை பிடித்தது. சாயங்காலம் நிறுக்கும்போது நான்கு கிலோ கழித்தார்.

"காலையில ஒரே மாதிரின்னு சொன்னீங்களே, ஐயா?"

"அது காஞ்ச கொழுந்துக்கு."

இந்தக் கழிவால் நிறை குறைந்து என் நாத்தனார் ராணிக்கு அரைப்பேர்தான் விழுந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்கு அரைநாள் சம்பளம். வயிற்றில் ஏழு மாதம் வேறு. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"அந்த ஆளுக்கு ஒரு கொள்கையும் கிடையாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவளுடைய இருமலுக்கு மருந்து வாங்க லிந்துலைக்குப் போனேன். மரக்கறிக் கடையில் கண்டாக்கையா நின்றார். கடைக்காரர் நனைந்த லீக்ஸ் கட்டைத் தராசில் வைத்தார்.

"தண்ணிய நல்லா ஒதறிட்டு நிறு. தண்ணிக்கெல்லாம் நான் காசு குடுக்கமாட்டேன்" என்றார் ஐயா.

ராணியிடம் நான் சொன்னது தப்பு. அவருக்கும் கொள்கை இருக்கிறது. வெயிலோ மழையோ, கொழுந்தோ லீக்ஸோ, தண்ணீரை அடுத்தவன் தலையில்தான் கட்டுவார். அதில் மனுசன் ஒருநாளும் மாறினதில்லை.