சூடம் பட்ட மாத்திரையும் ஆறு மாதக் கணக்கும்

மாமா,

இன்று காலை பூனாகலைச் சந்தியில் ஓர் ஆட்டோக்காரர் வண்டியை எடுக்கும் முன் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அது மண்டையில் ஏறவில்லை.

உங்கள் ஸ்கேன் தாளை வாசித்தது நான்தான். உங்கள் ஆட்டோவின் பின்சீட்டில் என்னை உட்காரவைத்து, "இங்கிலீசு மேதையே, என்னா எழுதியிருக்குன்னு சொல்லு" என்றீர்கள். பித்தப்பையில் பாலிப், அதாவது உள்சுவரில் சின்னச் சதை வளர்ச்சி. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வளர்ந்திருந்தால் பையையே எடுத்துவிட வேண்டும். நான் சும்மா இருப்பேனா? "சட்டைப் பையிலதான் ஒண்ணுமில்ல, பித்தப்பையிலயாவது ஏதோ சேத்து வச்சிருக்கீங்களே மாமா" என்றேன். வண்டி குலுங்கச் சிரித்தீர்கள்.

ஆனால் கத்தி என்றால் உங்களுக்குப் பயம். பதுளையில் ஒரு ஹோமியோபதி டாக்டரிடம் போனீர்கள். சீனி உருண்டை மாதிரி மாத்திரை. எண்ணெய்ச் சாப்பாடு, கோப்பி, சூட வாசனை மூன்றும் ஆகாதாம். சூட வாசனை பட்டால் மருந்தின் வீரியமே போய்விடுமாம். கொத்து ரொட்டியை விட்டீர்கள். வண்டியில் இருக்கும் முருகனுக்கும் சூடத்தை நிறுத்தி வெறும் பூ வைத்தீர்கள். வயிற்று உப்பிசம் குறைந்தது. "பாத்தியா, கரையுது" என்றீர்கள். குறைந்தது கொத்து ரொட்டியை விட்டதால் இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது மாதம் நான் அந்தக் கூத்தைச் செய்தேன். மாத்திரைப் போத்தல் இருந்த டப்பாவில் ஒரு சூடக் கட்டியைப் போட்டு மூடினேன். திறந்ததும் நீங்கள் மூக்கைச் சுளிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வெளிறிப்போனீர்கள்.

"அடியே, மருந்து செத்துப்போச்சுடி."

"இப்ப என்னா மாமா செய்றது?"

"புதுப் போத்தல் வாங்கி மொதல்லருந்து சாப்பிடணும். ஆறு மாசத்த மறுபடி எண்ணணும்."

"அப்ப ஸ்கேன்?"

"அதையும் சேத்துதான். மருந்து வேலை செய்யாம படத்த எடுத்து என்னத்த பாக்க? ஒங்கம்மாட்ட சொல்லிறாத."

அடி விழாமல் தப்பித்த சந்தோசத்தில் தலையாட்டினேன். சொல்லவில்லை.

அந்த இரண்டாவது ஆறு மாதம் முடியுமுன் உங்கள் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் அது புற்றாகி ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். போன வருடமே அந்தப் பையை எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சிங்களத்திலிருந்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

சாவு வீட்டுக்கு அந்த ஹோமியோபதி டாக்டரும் வந்தார். தனியாகப் பிடித்துச் சூடம் போட்ட கதையைச் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"சூடம் பட்டா வேற போத்தல் குடுத்திருப்பேனேம்மா. ஸ்கேன யாரு தள்ளச் சொன்னா? வாறப்பல்லாம் கேட்டேன். எடுத்தாச்சு, சுருங்கிருச்சுன்னாரு."

அந்தப் பொய்யை நீங்கள் எந்த முகத்தோடு சொல்லியிருப்பீர்கள் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

எங்கள் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், இப்போதும் என்னிடம்தான் தாள் கொண்டுவருகிறார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கழுத்துக் கட்டிக்கு எடுத்த ரிப்போர்ட்டை நீட்டினார். மறுபடி வரச் சொன்ன தேதியை வாசித்ததும், "வீட்டுல சொல்லாத பாப்பா, நானே பாத்துக்கிறேன்" என்றார்.

"சொல்லிருவேன்க்கா" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நேராக அவர் வீட்டுக்குப் போய், அவர் புருசன், மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்தத் தேதியை வாசித்தேன்.

அதிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும் மாமா. வியாழக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போக அந்த வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.