பேர் சொன்னால்தான் மேசை

உங்களுக்கு,

இன்று காலை சாமை அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். கொதி வந்ததும் ஒரு வாசனை கிளம்புமே, ஈர வைக்கோலும் வறுத்த பயறும் சேர்ந்த மாதிரி, அது வந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஜவ்வாது மலையில், பலா மரத்தடியில், நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட சாயங்காலம் என் சமையலறைக்குள் வந்துவிட்டது.

நம் மகள் போனில் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "கல்யாண நாளுக்கு மலைக்குப் போறீங்க, அங்கயும் புளிச்சோறு கட்டிக்கினு போவாதம்மா. நல்லா ரொமான்டிக்கா ஒரு ரெஸ்டாரன்ட்டுல சாப்புடுங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு மறந்துபோனேன். நீங்கள் மறக்கவில்லை. செங்கத்தைத் தாண்டி ஸ்கூட்டர் மலை ஏறும்போது, வளைவுகளுக்கு நடுவே திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்: "சரசு, இன்னைக்கி நீ பரிமாறக் கூடாது. எங்கூட ஒண்ணா குந்திச் சாப்புடணும்."

நம் வீட்டில் அது நடந்ததே இல்லை. நீங்கள் எழுந்து கை கழுவிய பிறகுதான் நான் தட்டை எடுப்பேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் வரும்.

மலை மேலே முதலில் போனது பஸ் நிற்கும் இடத்துப் பரோட்டாக் கடை. கொஞ்சமும் கூச்சமில்லாமல், "இங்க ரொமான்டிக்கா இன்னா இருக்குது?" என்று கேட்டீர்கள். கல்லில் பரோட்டா புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "அது மத்தியானமே தீந்துபோச்சுங்க. சால்னா இருக்குது, ஊத்தட்டா?" வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கறி வாசனை. நான் படியே ஏறவில்லை.

அடுத்தது கலர் பல்பு கட்டிய இடம். மூங்கிலை வளைத்து இதயம் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். நான் வாசலில் நின்று விலைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். "நீ கணக்குப் போட ஆரம்பிச்சா நாம பட்டினிதான், உள்ள வா" என்று இழுத்துப்போனீர்கள். பாட்டுச் சத்தத்தில் நாற்காலி அதிர்ந்தது. "நான் பேசறது கேக்குதா?" என்றீர்கள். "இன்னா?" என்றேன். "கேக்கல இல்ல? எழுந்திரு."

காவலூர் போகிற பாதையில்தான் சாப்பாடு போடுகிற அந்த வீடு. முற்றத்தில் பலா மரம், அதன் அடியில் நாலைந்து மேசைகள். 'வெள்ளிக்கிழமை கறி இல்லை' என்று வாசலில் கரியால் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு மனசு வந்தது. அதைவிட ரொமான்டிக்காக எனக்கு என்ன வேண்டும்?

நீங்கள் ஸ்கூட்டரை நிறுத்தப் போனீர்கள். காதில் பேனா செருகிய ஒருவர் என்னிடம் வந்தார். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். கூட்டம் இருக்கிறது, பேர் கொடுத்துவிட்டு உட்காருங்கள், மேசை காலியானதும் கூப்பிடுகிறேன் என்றார்.

"வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?"

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து நான் சொல்லாத பேர். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்றுதான் நான் வளர்ந்தேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை நீங்களே ஆசையாகக் கேட்டீர்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பிறகு நீங்கள் கேட்டதில்லை.

"முருகன் பேருதாங்க" என்றேன்.

"முருகனா?"

"இல்லீங்க, அவருக்கு இன்னொரு பேரு. ஆறு முகம் இருக்குதே, அந்தச் சாமிக்கு..."

"ஆறுமுகம்! அப்டி சொல்லுங்க. குந்துங்கம்மா."

அது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சரியான பேரைச் சொல்ல வேண்டும். சரி, ஆறுமுகம் என்று கூப்பிட்டால் எழுந்து மேசைக்குப் போய்விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"ஆறுமுகம், ரெண்டு பேரு!" என்று அவர் கூப்பிட்டபோது நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுவதற்குள், திருப்பத்தூரிலிருந்து வந்த நிஜமான ஆறுமுகம் ஒருவர் பெண்டாட்டியோடு போய் உட்கார்ந்துவிட்டார். அவரும் பேர் கொடுத்திருக்கிறார். பேனாக்காரர் ஒரே ஆள்தான் இரண்டு தரம் சொன்னதாக நினைத்து ஒரு தரம் எழுதியிருக்கிறார்.

"இன்னும் ஒரு மேசைக்குத்தான் சோறு இருக்குது. அவரு இல்லன்னா உங்க ஆறுமுகம் யாரும்மா? சரியான பேரச் சொன்னாத்தான் மேசை" என்றார்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டீர்கள். உங்கள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே! அவர் உங்களைக் கேட்டார். "எனக்கு மறந்துபோச்சுங்க. அவங்களத்தான் கேக்கணும்" என்றீர்கள்.

"இன்னாங்க இது வெளையாட்டு?" என்றேன் உங்களிடம்.

"பசிக்குது சரசு."

"ஆயுசு..."

"பசியில வுழுந்தாத்தான் ஆயுசு போவும். சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அடுப்படிக்கு நான் எழுந்துபோன அந்தப் பழைய நாள் அதில் தெரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறீர்கள்.

மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சொன்னேன்.

"காதுல வுழல" என்றார் பேனாக்காரர்.

இரண்டாம் தடவை முற்றமே திரும்பிப் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. நீங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கி, "உள்ளேன் அம்மா!" என்றீர்கள். திருப்பத்தூர் ஆறுமுகத்தின் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வந்தன. முதல் கரண்டியை என் இலையில் நீங்கள்தான் போட்டீர்கள். நான் வாயில் வைக்கிறவரை காத்திருந்து அப்புறம் சாப்பிட்டீர்கள். பாதியில் நிறுத்தி, "நீ சொல்லும்போது அது யாரோ நல்லவன் பேரு மாதிரி இருக்குது" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. "ஏங்க" என்றால் காது கேட்காது உங்களுக்கு. பேரைச் சொன்னால்தான் பேப்பரிலிருந்து தலை நிமிரும்.

நீங்கள் போன புதிதில் ஒரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் உங்கள் ஆயுசைக் குறைத்துவிட்டேனோ? மகளிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஒரு நாள் முருகன் படத்துக்கு விளக்கேற்றி போற்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் உங்கள் பேர் வருகிற வரியை மட்டும் எப்போதும் உதட்டுக்குள் விழுங்கிவிடுவேன். அன்று அந்த இடத்தில் நின்றேன். ஊரெல்லாம் நாளெல்லாம் சொல்கிற பேர் இது. சொல்லச் சொல்லக் குறைகிற பேராக இருந்தால், சாமி இத்தனை காலம் இருப்பாரா?

அன்றிலிருந்து அந்த வரியை வாய்விட்டுத்தான் சொல்கிறேன். மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. யாரைக் கூப்பிடுகிறாய் என்று சாமி இதுவரை என்னைக் கேட்கவில்லை.

உங்கள்
சரசு