வெடி வழிபாடு

நவம்பர் 11, செவ்வாய்
விடிந்ததும் வெடி வழிபாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் பின்சுவரை ஒட்டித்தான் எங்கள் வீடு. வேண்டுதலுக்குப் பணம் கட்டிச் சீட்டு வாங்கியதும் மைக்கில் பேரும் நட்சத்திரமும் சொல்வார்கள். உடனே இரும்புக் குழாயில் வெடிமருந்து திணித்து டமார். புகை முழுக்க எங்கள் ஜன்னலுக்குத்தான். கிருஷ்ணப்ரியாவுக்கு மறுபடி இழுப்பு. நாலு வயதுப் பிள்ளை, மூச்சு விட முடியாமல் என் முகத்தையே பார்க்கிறாள். சாமிக்குக் காது கேட்காதா என்ன?

நவம்பர் 12
டாக்டர் நெபுலைசர் வைத்தார். "புகை படாம பாத்துக்கோங்க" என்றார். எங்கே வைத்துப் பார்ப்பது, பீரோவுக்குள்ளா?

நவம்பர் 14, வெள்ளி
பொறுக்க முடியாமல் கோயிலுக்கே போய்க் கத்தினேன். சீட்டு எழுதும் முத்துசுவாமி, "சனங்க வேண்டுதலுங்க. நாங்க எப்படி வேண்டாம்னு சொல்றது?" என்றார். அந்த நேரம் பார்த்து மைக்: "கிருஷ்ணப்ரியா, ரேவதி, வெடி பத்து."

என் மகள். இத்தனை நாள் வெடிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டதில் பேரைக் கவனித்ததே இல்லை.

"உங்க ஊட்டுக்காரர்தானுங்க. வேலைக்குப் போறப்ப தினமும் எழுதிட்டுத்தான் போறார்."

சாயங்காலம் கேட்டால், "புள்ளைக்கு மூச்சு நேராகோணும்னுதான்..." என்று இழுக்கிறார். "உங்க வேண்டுதல்தான் அவ நெஞ்சுல அடைச்சுக் கிடக்குது" என்றேன். அழுதுவிட்டார். அழட்டும். இத்தனை நாள் நான் ஒருத்தி அழவில்லையா?

நவம்பர் 15
இவருக்குச் சோறு மட்டும் போட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்
இவர் நிறுத்திவிட்டார். ஆனால் இன்று மறுபடி மைக்கில் கிருஷ்ணப்ரியா. இவர் சட்டையைப் பிடிக்காத குறை. "சத்தியமா நானில்ல" என்றார். எதிர்வீட்டு தர்மாம்பாள் அக்காவாம். "புள்ள திணறுறதப் பாத்து மனசு கேக்கல கண்ணு" என்கிறாள். இவளை எப்படித் திட்டுவது? இன்னும் நாலைந்து வீட்டில் நேர்ந்திருக்கிறார்களாம். எல்லோரிடமும் வேண்டிக்கொள்ளச் சொன்னதே இந்த மனுஷன்தான்!

நவம்பர் 19
இவரையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "எங்க புள்ளைக்காக வெடி நேர்ந்துக்காதீங்க. சும்மா கும்புட்டாப் போதும்." பெற்றவள் இப்படிக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறதே. சொல்லச் சொல்ல வாய் கூசியது, கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 22, சனி
மூன்று நாளாக மைக்கில் எங்கள் பேர் இல்லை. இன்று காலை: "அத்வைத், பரணி, வெடி அஞ்சு."

ஜன்னலைச் சாத்தினேன். இவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கப் போகிறாராம்.