நான்காவதை முதலில் எழுதினேன்

நவம்பர் 8, 1994. செவ்வாய்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அப்பாவிடம் மட்டும் காட்டவே வேண்டாம்.

தூறல். கணக்குப் பரீட்சையில் 41.

நேற்று ராத்திரி பக்கத்து வீட்டுச் சரோஜா அக்கா எங்கள் கதவைத் தட்டினார். அவர் வீட்டுக்காரர் மறுபடியும் அடித்திருக்கிறார். அம்மா எழுந்தாள். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம். படு" என்றார் அப்பா. திறக்கவில்லை. நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

காலையில் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. குழாயடியில் ச. அக்கா, உதடு வீங்கி. என்னைப் பார்த்துச் சிரித்து, "ஸ்கூலுக்கு நேரமாச்சில்ல கண்ணு, நீ மொதல்ல புடி" என்று தன் குடத்தை நகர்த்தினார். என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது?

நவ. 10. வியாழன்.

மழை இல்லை. அரிசிம்பருப்புச் சாதம், இரண்டு தட்டு!

தண்ணீர் வரும்வரை குழாயடியிலேயே மாதர் சங்கக் கூட்டம். மில் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும். எதற்கு முதலில் போராடுவது என்று ஒரே சண்டை.

"பிராந்திக் கடையத் தூக்கோணும். அதான் மொதல்ல."

"ஷிப்ட் முடிஞ்சு இருட்டுல வாரோம். லைட்டு வேண்டாமுங்களா?"

"கக்கூசுக்குக் கதவே இல்லீங்க. லைட்டாமா லைட்டு!"

தலைவி ரஞ்சிதம் அத்தை வெறுங்குடத்தைத் தட்டி அடக்கினார். முடிவு: 1. கடை. 2. விளக்கு. 3. கக்கூஸ் கதவு. 4. வீட்டில் அடி.

நான்காவதைச் சொன்னது ச. அக்கா. மெதுவாக. "அது கடைசில இருக்கட்டும் அம்மணி. கடை போனா அடியும் போயிரும்" என்றார்கள்.

அவர் வீட்டுக்காரர் குடிப்பதே இல்லை. டீகூட.

என் கையெழுத்து அழகாம். பட்டியலைச் சுத்தமாக எழுதிவரச் சொன்னார்கள். எழுதினேன். நான்காவதை முதலில் எழுதிவிட்டேன். தவறிப்போய் அல்ல, வேண்டுமென்றே. கூடவே என் சொந்த வரி ஒன்று: "ராத்திரி யார் தட்டினாலும் எல்லா வீடும் கதவைத் திறக்க வேண்டும்."

நவ. 12. சனி.

சங்கக் கூட்டத்தில் பட்டியலைப் படித்தாயிற்று! நானே. ரஞ்சிதம் அத்தை கண்ணாடியை மறந்துவிட்டார். முதல் வரியிலேயே அத்தை கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனம்மணி, நாம சொன்ன வரிசை இதா?"

"இல்லீங்க அத்தை." தாளை இறக்கவில்லை. "சரோஜாக்கா ஊட்டுக்காரரு குடிக்கறதே இல்லீங்களே."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப பாலக் குடிச்சுப்போட்டு அடிக்கறானாட்டிருக்குது!" ஒரே சிரிப்பு. ச. அக்காவும், உதட்டைப் பிடித்துக்கொண்டு.

"கடையத் தூக்கக் கலெக்டரு வேணும். கதவத் தொறக்க நாமளே போதுமல்லொ. இப்படியே இருக்கட்டும்" என்றார் அத்தை.

"அப்ப எங்க கக்கூஸ் கதவு நாலாவதா?"

மறுபடி சண்டை. எனக்கு யாரோ கடலைமிட்டாய் கொடுத்தார்கள்.

சாயங்காலம் அப்பா கேட்டார்: "கதவத் தொறக்கோணும்னு யாரு எழுதுனது?" அம்மா தோசையைத் திருப்பியபடி, "சங்கத்துல எழுதுனாங்க." என்னைப் பார்க்கவே இல்லை. என் தட்டில் மட்டும் ஒரு தோசை அதிகம்.

எல்லோரும் படுத்தாயிற்று. கதவோரம் சின்ன விளக்கில் எழுதுகிறேன். நாளை ஞாயிறு, தலைக்கு எண்ணெய்

கதவு. தட்டுகிறார்கள். "படு" என்கிறார் அப்பா. அம்மா எழுந்துவிட்டாள், படுக்கவில்லை. தாழ்ப்பாள் என் கைக்குத்தான் கிட்ட