வெள்ளைப் புள்ளி வைத்தேனா?

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பிரேக் வேலை இரண்டு. மதியம் ஒரு வேனுக்கு டைமிங் பெல்ட். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரின் போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கி, இறுக்கம் போதுமென்று ரெஞ்ச் 'டக்' என்றதும் வழக்கம்போல் போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று கணக்கு. இருபத்திரண்டு வருடப் பழக்கம். பிரஷ்ஷைத் துடைக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

ஜனவரியில் கணக்கு டீச்சர் வண்டிக்குப் புள்ளி வைத்தேனா?

மார்ச் 4, புதன்

வைத்திருப்பேன். வைக்காமல் என்ன.

மார்ச் 5, வியாழன்

எழுதிப் பார்த்தால் நினைவு வரும் என்று எழுதுகிறேன்.

டீச்சர் வண்டி ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியது. பெல்ட்டில் விரலை வைத்தால் விரிசல் தட்டுப்பட்டது. பழைய பெல்ட்டைக் கழற்றினேன். புது டென்ஷனரை வைத்து, போல்ட்டைக் கையால் சுற்றினேன். புது பெல்ட்டை மாட்டினேன். அப்போது போன் வந்தது. அக்கா போய்விட்டாள். குளியலறையில் விழுந்தாளாம், அவ்வளவுதான். கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தேன். வண்டி அப்படியே திறந்து கிடந்தது. டீச்சர் வாடகைக் காரில் அலைகிறார் என்று மாமனார் சொன்னார். வேலையை முடித்து மூடினேன். மூடியது நினைவிருக்கிறது. மூடியின் கடைசி ஸ்குரூ கீழே விழுந்து தேடியதுகூட நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் ரெஞ்சைக் கையில் எடுத்தேனா? அந்த இடம் மட்டும் நினைவில் அடியோடு இல்லை. துடைத்துவிட்டது போல இருக்கிறது.

அக்காவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேலை. அடுப்ப அணைச்சியாடா, கதவ இழுத்துப் பாத்தியாடா, பணப்பைய எடுத்தியாடா. எனக்கு எரிச்சலாக வரும். நாற்பத்தாறு வயதுக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

இப்போது கேட்கிறாள். முறுக்கினியாடா?

மார்ச் 6, வெள்ளி

டீச்சரே வந்து நின்றார்! வைப்பர் ரப்பர் கிழிந்துவிட்டதாம். பின் சீட்டில் அவர் வீட்டுக்காரர், சார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது, பின்னால் லாரிகள் முட்டிக்கொண்டு வரும். ஓடுகிற எஞ்சினில் பெல்ட் நழுவினால் அந்த நொடியே எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும், பிரேக் இறுகும். அறுபத்தாறு வயதுக் கையால் திருப்ப முடியாது.

ரப்பரை மாட்டிக்கொண்டே பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறங்க டீச்சர் என்று ஒரு வார்த்தை. வரவில்லை.

"தம்பி, ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது. வாரத்துக்கு ஒரு தடவ ஊத்த வேண்டியிருக்கு" என்றார்.

"வெயில் டீச்சர்" என்றேன். என் புத்தி முழுக்க போல்ட்டில் இருந்தது.

சார் கையை அசைத்தார். கட்டுப் போட்ட கை.

மார்ச் 9, திங்கள்

மாமனாரிடம் சொன்னேன். பட்டறை அவருடையது, சொல்லாமல் முடியாது. கேட்டுவிட்டு டீயை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"மாப்ள, முறுக்காம விட்டிருந்தா வண்டி தெருமுனைய தாண்டியிருக்காது. ரெண்டு மாசம் ஓடியிருக்குல்ல?"

"கையால இறுக்கினது ரெண்டு மாசம் தாங்கும் மாமா. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கும்."

"அதுக்கு? கூப்பிட்டு, நான் முறுக்கினேனா இல்லையான்னு எனக்கே தெரியலன்னு சொல்லுவீங்களா? அப்புறம் யாரு இந்த வாசல்ல வண்டிய நிறுத்துவா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம்.

திறந்து பார்ப்பதும் லேசான காரியமில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டைக் கழற்ற வேண்டும், முன்பக்கப் புல்லிச் சக்கரத்தை எடுக்க வேண்டும். அரை நாள். சும்மா எட்டிப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மார்ச் 11, புதன்

இன்று புதன். பத்து மணிக்குப் பாலத்தில் இருப்பார்கள். பத்தரை வரை எந்த வேலையும் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். இரண்டு தடவை போனேன்.

வீட்டில் மிக்ஸி ஓடினால் நின்று கேட்கிறேன். அதற்குள் ஏதோ தளர்ந்திருப்பது போல. "மிக்ஸி நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் ஏதோ கழண்டிருக்கு" என்றாள் மனைவி. சிரித்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இப்பவே கூப்பிடுங்க என்பாள். அவ அப்படித்தான். அவளுக்குப் பயந்து சொல்லவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முறுக்கினியாடா?

தெரியலக்கா. சத்தியமா தெரியல. நீ ஏன் அன்னிக்குப் போய்ச் சேந்த?

மார்ச் 13, வெள்ளி

காலையில் கார்பரேட்டர் வாங்கப் போகிறேன் என்று மாமனாரிடம் பொய் சொல்லிவிட்டு, பைக்கில் டீச்சர் வீட்டுத் தெருமுனையில் போய் நின்றேன். வண்டி வெளியே வந்தது. பின்னாலேயே போனேன். நின்றுவிட்டால் லாரிக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நிற்கலாம் என்று ஒரு திட்டம். பைக்கால் லாரியை நிறுத்தப் போகிற பெரிய வீரன்.

பாலம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சாரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே அனுப்பிவிட்டு, டீச்சர் நேராக என்னிடம் வந்தார்.

"கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். எதுக்கு பின்னாடியே வர்றீங்க?"

சும்மா என்றேன்.

"பட்டறைய விட்டுட்டு யாராவது சும்மா வருவாங்களா?"

சொல்லிவிட்டேன். அக்கா, போன், போல்ட், புள்ளி.

"எப்பலேருந்து இந்தச் சந்தேகம்?"

"பத்து நாளா டீச்சர். மூணாம் தேதியிலேருந்து."

விரலை மடக்கி எண்ணினார். கணக்கு டீச்சர் இல்லையா.

"போன புதன், வெள்ளி, இந்தத் திங்கள், புதன். போகவும் வரவும் எட்டு. இன்னிக்கு ஒண்ணு. ஒம்பது தடவ அவர உக்கார வெச்சு பாலத்தத் தாண்டியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்குத் தெரியும்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மாமனாருடைய காரைக் கொண்டுவந்து இருவரையும் வீட்டில் விட்டேன். டீச்சர் வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம், ஸ்டார்ட் செய்யவே இல்லை.

மார்ச் 14, சனி

மூடியை எடுக்கப் பதினொரு மணி ஆனது. ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது.

புள்ளி இருக்கிறது.

வெள்ளையாக, வட்டமாக, நான் வைக்கிற மாதிரியே. ரெஞ்சைப் போட்டுப் பார்த்தேன். அசையாமல் 'டக்' என்றது. வைத்திருக்கிறேன். முறுக்கியிருக்கிறேன். எப்போது செய்தேன் என்று இப்போதும் நினைவில்லை, ஆனால் செய்திருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமனார் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னேனே" என்று என் தோளைத் தட்டினார். இரண்டு மாதமாக அழாத அழுகை, அக்காவுக்கும் சேர்த்து.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திருப்பி வைக்கப் போனபோதுதான் கீழே பார்த்தேன். தண்ணீர் பம்ப்புக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பம்ப்பைக் கையால் ஆட்டினேன். ஆடியது. கசிந்த தண்ணீர் பெல்ட்டின் ஓரத்தில் ஏறி, அந்த ஓரம் ஊறி நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்திருந்தது.

அதே பெல்ட்தான் இந்தப் பம்ப்பையும் சுற்றுகிறது. இவ்வளவு ஓடிய வண்டியில் பெல்ட்டை மட்டும் மாற்றக் கூடாது. டென்ஷனர், உருளைகள், பம்ப் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். புது பெல்ட் இழுக்கிற இழுப்பைப் பழைய பம்ப் தாங்காது. இது எனக்குத் தெரியாதா? சின்னப் பையனுக்கும் தெரியும்.

பழைய பெல்ட்டைக் கழற்றிய அன்றைக்குப் பம்ப் ஸ்டாக் இல்லை. மறுநாள் வரும் என்றார்கள். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பழையதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினேன், சத்தம் வரவில்லை, போதும் என்று புது பெல்ட்டை மாட்டினேன். இந்தப் பட்டறையில் அதுதான் வழக்கம், கசியாத பம்ப்பில் கை வைக்க மாட்டோம்.

அந்த ஒரு சுற்று நன்றாக நினைவிருக்கிறது. விரலில் பட்ட பிசுக்குகூட. அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அதற்காக ஒரு நிமிஷம்கூடப் பயப்படவும் இல்லை. தண்ணி கொறையுதுன்னு அந்தம்மா வாய் விட்டுச் சொன்னாங்களே! வெயிலாம், வெயில். மார்ச்சு மாச வெயில்ல மூடின டேங்க்குல தண்ணி கொறையுமாடா முட்டாப் பயலே?

மார்ச் 15, ஞாயிறு

"போல்ட்டு சரியா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க மாப்ள. பம்ப்ப நாம மாத்திக் குடுத்துருவோம். அதுக்கு மேல எதுக்கு?" என்றார் மாமனார்.

மனைவியிடம் முழுவதும் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

டீச்சர் கதவைத் திறந்தார். நின்றபடியே சொன்னேன். போல்ட் சரியாக இருந்தது என்று சொல்லி, அவர் முகம் தெளிவதற்குள் பம்ப்பையும் சொன்னேன். இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று சார் உள்ளேயிருந்து கேட்டார். தெரியாது சார், ஒரு வாரம், ஒரு மாசம், நாளைக்கே என்றேன்.

டீச்சர் கேட்டது வேறு.

"எங்க வண்டிக்கு மட்டுமா இப்படிச் செஞ்சீங்க?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

வேலை நோட்டு இரண்டு வருடத்துக்கு எடுத்துப் பார்த்தேன். டீச்சர் வண்டி போக, பெல்ட் மாற்றி, பழைய பம்ப்பை விட்ட வண்டிகள் ஏழு. ஏழும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஓடியவை. எல்லாம் என் கையெழுத்து.

இன்று காலை என் மேஜையில் ஒரு தாள் இருந்தது. ஏழு பேரின் போன் நம்பர், மாமனார் தன் கையால் எழுதியது. டீச்சர் வண்டிக்குப் புதுப் பம்ப், புது பெல்ட் போட்டுக் கொண்டுபோய் விட்டேன். சாவியை வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

நாலு பேரிடம் பேசிவிட்டேன். இரண்டு வண்டி வந்துவிட்டது. ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்னொருவர், "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க? வேற ஏதாவது விக்கப் பாக்குறீங்களா?" என்றார். கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

ஐந்தாவது நம்பர். ஒரு அம்மா எடுத்தார். பட்டறையின் பேரைச் சொல்லி, சார் இருக்காரா என்றேன்.

"அவரு போயிட்டாருங்க. நாலு மாசம் ஆச்சு."

காது அடைத்துக்கொண்டது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எப்படி என்று கேட்க வேண்டும். கடைசியில் கேட்டேன்.

"நெஞ்சு வலின்னாரு. வீட்லதான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள."

வீட்லதான். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு மூச்சு வந்தது. நல்லவேளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தாலி அறுத்த ஒரு பெண் போனில் அழுகிறாள், நான் நல்லவேளை என்கிறேன். நான் அப்படிப்பட்டவன் என்று இதற்கு முன் எனக்குத் தெரியாது.

பிறகு வண்டியைப் பற்றிக் கேட்டேன். வாசலில் நிற்கிறதாம், நாலு மாதமாக யாரும் தொடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறாளாம், குழந்தைகளோடு, முந்நூறு கிலோமீட்டர்.

"அம்மா, சாவிய யாருகிட்டயும் குடுக்காதீங்க. நான் வர்றேன்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அழுகை நின்றது. அப்புறம் அந்தப் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. போனை மட்டும் வைக்கவில்லை.